சௌரிராஜன் இடம் பார்த்தது

சௌரிராஜன் நாற்பது வருடம் சேலை காட்டினார். விற்றேன் என்று அவர் சொல்வதில்லை. விற்பது முதலாளி. காட்டுவது தான்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் கடை. வெள்ளை விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடுக்கிலிருந்து ஒரு சேலையை உருவி மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால், மொத்தச் சேலையும் காற்றில் விரிந்து எதிரில் இருக்கிறவள் மடிவரை போய் விழும். முந்தி மட்டும் அவர் கையில் நிற்கும். அதைப் பார்ப்பதற்காகவே சில பேர் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்பார்கள்.

அவருக்கென்று சில விதிகள் இருந்தன. நல்ல சேலையை முதலில் காட்டக் கூடாது. மூன்றாவதாக, கை தவறி எடுத்துவிட்டதுபோல் எடுத்து, "அய்யய்யோ, இது வேற ஒரு அம்மாவுக்கு எடுத்து வச்சதாச்சே" என்று மடிக்கப் போக வேண்டும். முதல் சேலையே பிரமாதமாக இருக்கிற கடையில் பின்னால் சரக்கு இல்லை என்று அர்த்தம். நாலு கடை ஏறி இறங்கி வருகிறவர்கள் நாலாவது கடையில் வாங்குவார்கள். அது சேலை நன்றாக இருப்பதால் அல்ல, கால் வலிப்பதால். சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போகிறவள் பெரும்பாலும் வாங்கிவிடுவாள். பெரும்பாலும்தான். வேடிக்கைக்கு வந்தவர்களும் வாசல்வரை போவதுண்டு. இரண்டு பேரையும் பிரித்தறிவதில்தான் தன் கெட்டிக்காரத்தனம் இருப்பதாக சௌரிராஜன் நினைத்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து சேலை மடித்தவர் ஜனகராஜ். இருவரும் சௌராஷ்டிரர்கள். வந்தவர்கள் எதிரிலேயே, முகத்தில் சிரிப்பு மாறாமல், வந்தவர்களைப் பற்றியே தங்கள் மொழியில் பேசிக்கொள்வார்கள். "அம்மா வாங்கும், வீட்டுக்காரர் விட மாட்டார். அவருக்கு ஒரு கலர் உடைச்சுக் கொடு." வீட்டுக்காரர் சோடாக்கடை கலரைக் குடித்தபடி, என்ன மரியாதையான மனிதர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

வீட்டில் நிலைமை தலைகீழ். கீழவாசல் சந்தில் இரண்டு அறை. அவர் அலர்மேல்மங்கையைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தபோது அந்த இரண்டு அறையிலும் சேர்த்து பதினோரு பேர். அத்தனை பேரும் ஒரே மொழி. அவள் பருப்பில் உப்புப் போட்டாளா என்று கேட்டால்கூட ஒன்பது பேர் பதில் சொன்னார்கள். கல்யாணமான நாலாம் மாதம் இருவரும் பஸ்ஸில் திருப்பரங்குன்றம் போனார்கள். நெருக்கடி. அவள் முன்னால் பெண்கள் பக்கம், அவர் பின்னால். நடுவில் முப்பது தலை. அங்கேயிருந்து அவள் தங்கள் மொழியில் சத்தமாகச் சொன்னாள்: "இந்த மீசையோட நீங்க நல்லாவே இல்லை. எடுத்துட்டா நல்லா இருப்பீங்க." பஸ்ஸில் யாரும் திரும்பவில்லை. மீசையை மறுநாள் எடுத்தார்.

அதிலிருந்து அவர்களுக்கு அந்தரங்கம் என்பது கூட்டம்தான். சண்டை போட வேண்டுமென்றால் மார்க்கெட்டுக்குப் போனார்கள். சமாதானத்துக்கு ஆற்று மணலுக்கு. சித்திரைத் திருவிழாவில், லட்சம் பேர் நடுவில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தாமல், மற்ற தம்பதிகள் விளக்கணைத்துப் பேசுவதையெல்லாம் பேசினார்கள்.

இப்படியே நாற்பத்தாறு வருடம் ஓடியது. பதினோரு பேரில் சிலர் இறந்தார்கள், சிலர் சேலத்துக்கும் பரமக்குடிக்கும் போனார்கள். மகள் ரங்கநாயகியும் கல்யாணமாகி சேலம் போனாள். அவர்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். வீடு காலியானதும் பேச்சு குறைந்துவிட்டது. காலியான வீட்டில் எப்படிப் பேசுவது என்று இருவருக்கும் பழக்கமில்லை.

எண்பத்துமூன்றாம் வருடம் வைகாசியில் வீட்டுச் சொந்தக்காரர் வந்து, இடத்தை விற்றுவிட்டதாகச் சொன்னார். அங்கே லாட்ஜ் வரப்போகிறது. ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை; எனவே ஆனி முடிவதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர்தான். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது.

வேறு வீடு பார்க்கலாம். ஆனால் அலர்மேல்மங்கைக்குக் கை நடுக்கம். போன மாதம் கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்து பாதத்தில் கொட்டியது. சௌரிராஜனுக்கு வெந்நீர் வைக்கவே தெரியாது. வலது கண்ணில் புரை எடுத்து சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தார். இடது கண்ணில் புரை இன்னும் முத்தவில்லை, காத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடக்க வேண்டிய பார்வை இருந்தது. புரை எடுத்த கண்ணிலும் உள்நரம்பு கெட்டு, நிறம்தான் குழம்பிப் போயிற்று. சேலைக்கடை வாசலில் நின்றால் எல்லாம் நனைந்த சாம்பல் மாதிரி தெரிந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சேலத்திலிருந்து மகள் எழுதினாள். முன்னறை முழுக்கத் தறி. பின்னறையில் மாமியாரும் பிள்ளைகளும். "அம்மா எங்களோடு படுத்துக்கொள்ளலாம். அப்பாவுக்குப் பக்கத்தில் எங்காவது பார்க்கலாம்." கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு அலர்மேல்மங்கை அதை அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள்.

ஜனகராஜ் இன்னும் கடையில்தான் இருந்தார். சேலை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் விசாரித்து, சேலைக்கு உள்ளே வைக்கும் அட்டையில் மூன்று விலாசம் எழுதிக்கொண்டு வந்தார்.

"வயசானவங்களை வச்சுப் பாத்துக்கிற இடம்ணே இது மூணும். காசும் நம்ம கைக்குள்ள அடங்கும்னு கேட்டுட்டேன். போய்ப் பாருங்க. புடிக்கலைன்னா மடிச்சு வச்சுருவோம்."

"நான் போய் இடம் பாக்குறதா?" என்றார் சௌரிராஜன். வாழ்நாளில் அவர் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

அலர்மேல்மங்கை ஒன்றே ஒன்று சொன்னாள். "எங்கே வேணா போறேன். தனியா இல்லை. அதை மட்டும் கேட்டுக்கோங்க. அப்புறம், மூணாவது இடத்துல கால் வலிக்குதுன்னு சரி சொல்லிடாதீங்க."

முதலாவது தல்லாகுளத்தில். கோர்ட்டுக்குப் பின்பக்கம், ரோஜாத் தொட்டிகள் வைத்த கட்டடம். மேனேஜர் முன்பு தாசில்தாராக இருந்தவராம். அவர் வாசலிலேயே வரவேற்று, நேராக மாடியில் ஒரு அறைக்கு அழைத்துப்போனார். காற்றாடி, கண்ணாடி பதித்த பீரோ, மேஜைமேல் ஆங்கிலப் பேப்பர். ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம்.

சௌரிராஜன் மனைவி பக்கம் திரும்பி, தங்கள் மொழியில் சொன்னார்: "எடுத்ததுமே பட்டுச்சேலையை விரிக்கிறான். பின்னாடி சரக்கு இல்லை."

அது சரியாகவே இருந்தது. மற்ற அறைகளில் நாலு நாலு கட்டில். வராந்தாவில் பெரியவர்கள் கரண்ட் பில் கட்ட வந்தவர்கள்போல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஆண்கள்.

"பெண்கள் எங்கிட்டு இருக்காங்க சார்?" என்று கேட்டார் சௌரிராஜன்.

"இது ஜென்ட்ஸ் மட்டும்தான். அம்மா பாக்குறதுக்கு வரலாம். ஞாயித்துக்கிழமை மூணுல இருந்து அஞ்சு. கையெழுத்துப் போட்டுட்டு வரணும்."

அலர்மேல்மங்கை முகத்தை ரோஜாத் தொட்டி பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை சுண்டல் செஞ்சு எடுத்துட்டு வரேன். கம்பி வழியா வாங்கிக்கோங்க. எத்தனை வருசம் தண்டனைன்னு கேளுங்க."

சௌரிராஜன் சிரிப்பை அடக்கி, நாற்பது வருடப் பழக்கத்தில் முகத்தை நேராக வைத்துக்கொண்டார்.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றார் மேனேஜர்.

"ரோஜாவுக்கு என்ன உரம் போடுறீங்கன்னு கேக்குறா."

மேனேஜர் மகிழ்ந்துபோய் கால் மணி நேரம் உரம் பற்றிப் பேசினார். அலர்மேல்மங்கை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாள். திரும்பும்போது ஒரு ரோஜாக் கன்றையும் கொடுத்தார். அதை வைக்க அவர்களுக்கு மண் இல்லை. பஸ் ஸ்டாப்பில் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது இடம் ஆற்றுக்கு வடக்கே, கன்னியாஸ்திரிகள் நடத்துவது. அலர்மேல்மங்கை உள்ளே போனதும் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு தண்ணீர்ப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். கட்டில் விரிப்பின் ஓரத்தை மடக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். கடையில் கரையைத் திருப்பி, பின்பக்கத்து நூலைப் பார்க்கிறவர்களை சௌரிராஜனுக்குத் தெரியும். விவரமானவர்கள் அவர்கள்.

"இது நல்ல சரக்கு" என்றாள் அவள். "சாயம் போகாது."

அவருக்கும் பிடித்திருந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் யாரும் ஓடவில்லை. எல்லாருக்கும் கிடைக்கும் என்று தெரிந்திருந்தது. ஒரு கிழவிக்கு இளம் சிஸ்டர் ஒருத்தி சடை பின்னிக்கொண்டிருந்தாள். முற்றத்தின் குறுக்கே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். அதன்மேல் காகிதப்பூ படர்ந்திருந்தது.

"அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள்" என்றார் பெரிய சிஸ்டர். "சாயங்காலம் நாலு டு அஞ்சு, மரத்தடி பெஞ்சில உக்காந்து பேசலாம்."

"நாங்க புருசன் பொஞ்சாதி சிஸ்டர். ஒரே ரூமாக் கிடைக்காதா?"

பெரிய சிஸ்டர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அன்பாகத்தான் சொன்னார். "இங்க வந்துட்டா எல்லாரும் அண்ணன் தங்கச்சிதான் அய்யா."

அலர்மேல்மங்கை தரையைப் பார்த்துக்கொண்டு, பிரார்த்தனை செய்கிறவளின் குரலில் சொன்னாள்: "நாப்பத்தாறு வருசம் கழிச்சு என்னைத் தங்கச்சி ஆக்கிட்டாங்க. ஊர்ல தெரிஞ்சா ரங்கநாயகியை யார் மதிப்பாங்க?"

சௌரிராஜனுக்கு இருமல் வந்தது. சிஸ்டர் தண்ணீர் கொடுத்தார். "அம்மா என்ன சொல்றாங்க?"

"குடும்பம் மாதிரி இருக்குன்னு சொல்றா" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஆற்றுப்பாலம் தாண்டும்வரை அவள் பேசவில்லை. ஆற்றில் தண்ணீர் இல்லை. யாரோ கழுதைகளைக் குறுக்கே ஓட்டிப் போனார்கள்.

"நீங்க தல்லாகுளத்துல இருங்க" என்றாள். "காற்றாடி இருக்கு. நான் சேலம் போறேன். ஆனி முடிய பதினெட்டு நாள்தான் இருக்கு."

"இன்னும் ஒண்ணு இருக்கே, பாக்கல."

"அதுவும் பிரிச்சுத்தான் வைக்கும். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்க. வயசானா தூங்குறதுக்குத்தானே இடம்."

அவர் அட்டையைப் பையிலிருந்து எடுத்து, படிக்க முடியாத மூன்றாவது விலாசத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே, தென்னைகளுக்கு நடுவில் ஓட்டு வீடு. போர்டு கிடையாது. ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற ஒச்சாயி என்கிற அம்மாள், தன் சொந்த வீட்டில் ஆறு கட்டில் போட்டு வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். இவர்கள் போனபோது அவள் முற்றத்தில் ஒரு பெரியவரின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. வாங்க மதினி. கை வேலையா இருக்கேன். நீங்களே சுத்திப் பாத்துக்கங்க. எந்தக் கதவும் பூட்டல."

சௌரிராஜனுக்குச் சந்தேகம் வந்தது. காட்டாத கடையை அவர் பார்த்ததில்லை.

"காலை ஆட்டாதண்ணே, சதையில பட்டுரும்" என்று அவள் அந்தப் பெரியவரை அதட்டினாள்.

"ஆடுறது நான் இல்ல தாயி, நாற்காலி" என்றார் அவர். காளை என்று பேர். திருவாதவூர்ப் பக்கத்து விவசாயி. இடம் பார்க்க வந்தவர்களை மேலும் கீழும் பார்த்து, "கண்ணாடிக்காரரே, இங்க வந்தா எம்பக்கத்துக் கட்டில்தேன். நான் குறட்டை விடுவேன். இப்பவே சொல்லிப்புட்டேன்" என்றார்.

முன்கூடத்தில் மூன்று கட்டில், ஆண்களுக்கு. பின்கூடத்தில் மூன்று, பெண்களுக்கு. பின்கூடத்தில் சோலையம்மாள் என்ற கிழவி ரேடியோவைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அலர்மேல்மங்கை கட்டில்களை எண்ணினாள்.

இரண்டு கூடத்துக்கும் நடுவில் சின்ன அறை ஒன்று. அதன் வாசலில் ஒரு திரை தொங்கியது. சௌரிராஜன் கைவைத்தார். விரல் தானாக ஓரத்தைத் தேடிப் போயிற்று. கரையைத் தடவினார். இரண்டு விரலுக்கு நடுவில் துணியை நசுக்கிப் பார்த்தார்.

"மங்கை, இது நம்ம கடைச் சேலை" என்றார் தங்கள் மொழியில். "முப்பது வருசத்துக்கு முந்தின சரக்கு. இதைப் போய் எந்தக் காட்டுமிராண்டி திரையாக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கு?"

திரைக்குப் பின்னால் நெல் மூட்டைகளும் தேங்காய்களும் அடைந்து கிடந்தன. சின்ன ஜன்னல் ஒன்று.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒச்சாயி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். இருவரையும் சமையலறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து இலை போட்டாள். உயரமான பெண். பரிமாற வரும்போது தரை அதிர்ந்தது.

"நடையைப் பாருங்க" என்றாள் அலர்மேல்மங்கை இலையைப் பார்த்தபடி. "ஏட்டு ரோந்து வர்ற மாதிரி."

"ரசத்தைப் பார்" என்றார் அவர். "தெப்பக்குளத்துல மைய மண்டபம் தெரியுற மாதிரி, எங்கேயோ ஒரு பருப்பு."

ஒச்சாயி முகத்தில் ஒன்றும் இல்லை. அப்பளம் வைத்தாள். சோறு போட்டாள்.

அலர்மேல்மங்கை சாதத்தைப் பிசைந்தாள். நடுங்கும் விரல்களிலிருந்து பருக்கைகள் சிதறின. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலைக்குள் போட்டபடி சொன்னாள்: "பாத்தாச்சு. இதுவும் பிரிச்சுத்தான். நாளைக்கே சேலத்துக்கு எழுதிடறேன். நீங்க தல்லாகுளத்துல சேருங்க. ரெண்டு பேரும் சேர்ந்து தெருவுல நிக்கறதைவிட, ஆளுக்கொரு கூரை நல்லது."

சௌரிராஜன் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அந்தத் திரை என்ன நிறம்?" என்று கேட்டார்.

"எது?"

"அந்த அறைத் திரை. கையில பிடிச்சா சேலை தெரியுது. நிறம் தெரியல."

"மயில்கழுத்து."

"எனக்குச் சாம்பலாத் தெரிஞ்சுது. ஒரு வருசமா எல்லாமே அப்படித்தான் இருக்கு. உன் சேலை என்ன நிறம்னு எனக்குத் தெரியாது. நாப்பது வருசம் ஊர்ப் பொம்பளைகளுக்கெல்லாம் நிறம் சொன்னேன். இனிமே எனக்கு நீ சொன்னாத்தான் உண்டு. நீ சேலம் போயிட்டா நான் காற்றாடிக்குக் கீழே உக்காந்து எந்த நிறத்தைப் பாக்கறது? தெரு பரவாயில்லை. தெருவுல நீ பக்கத்துல நின்னு, பஸ் சிவப்பா வருது, பச்சையா வருதுன்னு சொல்லுவே."

சமையலறையில் இத்தனையையும் அவர் குரலைத் தாழ்த்தாமல், அப்பளத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். பேச்சு முடிந்ததும் சாதாரணமாக நிமிர்ந்து, ஒச்சாயியைப் பார்த்து, தமிழில், "கொஞ்சம் ரசம் போடுங்கம்மா" என்றார்.

ஒச்சாயி குனிந்து ரச ஏனத்தைக் கரண்டியால் துழாவினாள்.

"பருப்பு அடியில இருக்கு" என்றாள். "கலக்கி ஊத்தறேன்."

அவள் அதைத் தமிழில் சொல்லவில்லை.

அலர்மேல்மங்கையின் கை நடுக்கம் ஒரு கணம் நின்றுவிட்டது. சௌரிராஜனின் உள்ளங்கையில் ரசம் நிறைந்து விரலிடுக்கில் வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

"எங்கம்மா உங்க தெருக்காரவுங்க வீட்லதேன் நூல் சுத்துச்சு" என்றாள் ஒச்சாயி, இப்போது தமிழில். "நான் பிறந்ததும் பேசினதும் அங்கனக்குள்ள. உங்க பாசையில வைய, கொஞ்ச, கணக்குச் சொல்ல எல்லாம் வரும். எழுத வராது. அம்புட்டுத்தேன்."

"ஏட்டுன்னு சொன்னது..." என்று தொடங்கினாள் அலர்மேல்மங்கை.

"ஆஸ்பத்திரியில டாக்டரே அப்படித்தேன் சொல்லுவாரு மதினி. அது கெடக்கட்டும். எனக்கு அண்ணன்கிட்டதேன் ஒரு வழக்கு இருக்கு." கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நான் வேலையில சேந்து மொதச் சம்பளம் வாங்கின அன்னிக்கு உங்க கடைக்கு வந்தேன். வாங்கணும்னு வரல. சும்மா பாக்கத்தேன். வேலைக்காரி மகள்னு அதுவரைக்கும் எந்தக் கடையிலயும் உக்கார வச்சதில்ல. நீங்க உக்காரச் சொன்னீக. ரெண்டு காட்டினீக. மூணாவதா ஒண்ணை எடுத்து, அய்யய்யோ இது வேற ஆளுக்குன்னீக."

சௌரிராஜன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதைத் தூக்கிட்டு வாசலுக்குப் போனேன். வெயில்ல பாத்தா, ஒரு பக்கம் பச்சை, திருப்பினா நீலம். அப்ப நீங்க பக்கத்துல இருந்தவர்கிட்டச் சொன்னீக. என்ன சொன்னீக, ஞாபகம் இருக்கா?"

"ஆயிரம் பேர்கிட்ட ஆயிரம் சொல்லியிருக்கேனேம்மா."

அவள் முதுகை நிமிர்த்தி, கையைச் சுண்டிவிட்டு, அவருடைய குரலிலேயே அவருடைய மொழியில் சொன்னாள்: "இது வாங்காது. வெயில் காய வந்திருக்கு. மடிச்சு வை."

அலர்மேல்மங்கை வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. சௌரிராஜனுக்கு வேர்த்தது.

"வந்துச்சே ஒரு கோவம்!" என்றாள் ஒச்சாயி. "சம்பளக் கவரை அப்படியே கல்லாவுல வச்சுட்டு, கட்டுங்கன்னேன். அந்த மாசம் பூராம் ஆஸ்பத்திரிக் கஞ்சிதேன். ஆனா அண்ணே, அந்தச் சேலை மாதிரி ஒரு சேலை நான் அப்புறம் கட்டல. கல்யாணத்துக்கு அதுதேன். மகனுக்குக் காது குத்தினப்ப அதுதேன். நைஞ்சு போனப்பறமும் தூக்கிப் போட மனசு வரல. ஒரு நாளைக்கு நாலு தடவை கண்ணுல படட்டும்னு அங்கன தொங்கவிட்டேன். அந்தக் காட்டுமிராண்டி நான்தேன்."

பின்கூடத்தில் சோலையம்மாளின் ரேடியோ கரகரத்தது. சௌரிராஜன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். மூன்று இடத்தில் இதுவும் போயிற்று. தல்லாகுளத்துக் காற்றாடி கண்முன் சுற்றியது.

"நல்ல வேளை சொன்னீக" என்றாள் ஒச்சாயி. "நீங்க சொல்லாட்டி வாங்கியிருக்க மாட்டேன்." பிறகு வாசல் பக்கம் பார்த்துக் கத்தினாள். "காளையண்ணே! அந்த நடு ரூம்பு நெல்லு மூட்டைய எங்கிட்டு மாத்தலாம்?"

"அதுல எலி மட்டும்தேன் இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்று முற்றத்திலிருந்து குரல் வந்தது.

"இவுக ரெண்டு பேரும் இருக்கணும்."

"ரெண்டு பேரும் ஒரே ரூம்பிலயா? இந்த வயசிலயா?"

"உனக்கென்ன வயித்தெரிச்சல்?"

"வயித்தெரிச்சல்தேன், இல்லைங்கல. எம்பொஞ்சாதி இருந்திருந்தா அவளும் நானும் இந்நேரம் மச்சு கேட்டிருப்போம். மூட்டைய எங்கட்டிலுக்கு அடியில தள்ளு. அந்தக் கண்ணாடிக்காரர் குறட்டையில இருந்து தப்பிச்சுட்டாரு, குடுத்து வச்ச மனுசன்."

ஒச்சாயி மீண்டும் கரண்டியை எடுத்தாள். "ரூம்பு சின்னது. ரெண்டு கட்டில் போட்டா நடுவுல நடக்க எடம் இருக்காது. முன்னப்பின்ன யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்ல."

சௌரிராஜன் எழுந்தார். கை கழுவவில்லை. நடு அறைக்குப் போய், இடது கையால் திரையைக் கொக்கியிலிருந்து கழற்றினார். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வெயிலில் நின்று, எச்சில் கை படாமல், ஒரு முனையை உயர்த்திப் பிடித்தார். அவருக்கு அங்கேயும் சாம்பலாகத்தான் தெரிந்தது. அலர்மேல்மங்கை பின்னாலேயே வந்து நின்றாள்.

"இந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"பச்சை."

திருப்பினார். "இப்ப?"

"நீலம்."

சமையலறையிலிருந்து ஒச்சாயி, அவர்கள் மொழியில், ஓங்கிய குரலில் சொன்னாள்: "வாசலுக்குப் போயாச்சா? அப்ப இது வாங்கும். கட்டு."

ஆனி இருபத்தேழாம் தேதி ஒரு ஜட்கா வண்டியில் வந்து சேர்ந்தார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாய், அரிசி டின், அதற்கு அடியில் மகளின் கடிதம். ஜனகராஜ் கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து கட்டில்களைச் சேர்த்துப் போட்டார். நடக்க இடம் இல்லைதான். அவர் ஒரு பக்கம் ஏறினார், அவள் மறுபக்கம் ஏறினாள். திரை அதே கொக்கியில் தொங்கியது. காலையில் ஜன்னல் வழியாக வெளிச்சம் அதில் விழும்போது அலர்மேல்மங்கை அவரை எழுப்பி, அன்றைக்கு அது எந்த நிறம் என்று சொன்னாள். அவளுக்கு இப்போது பானை தூக்க வேண்டியதில்லை. கை நடுங்கினாலும் வேர்க்கடலை உரிக்க முடிந்தது. சோலையம்மாளுக்கும் அவளுக்கும் ரேடியோவில் எந்த ஸ்டேஷன் என்று தினமும் தகராறு.

ஒரே ஒரு சங்கடம். அறைக்குள் எது பேசினாலும் சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"காளையண்ணன் ரெண்டு தடவை பாயசம் வாங்கிட்டாரு" என்று சௌரிராஜன் முணுமுணுப்பார். "உங்களுக்கும் இருக்கு, பொறுங்க" என்று அங்கேயிருந்து அவர்கள் மொழியிலேயே வரும். மறுபடியும் பதினோரு பேர் வீடு போலாயிற்று.

எனவே பழையபடி வெளியே போக வேண்டியிருந்தது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இருவரும் தெப்பக்குளத்துக்கு நடந்தார்கள். குளத்தில் தண்ணீர் இல்லை. உள்ளே நாலு கோஷ்டி கிரிக்கெட் ஆடியது. சுற்றுச்சுவரில் ஜனம் நெருக்கமாக உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு வேண்டியது அதுதான். நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் ஒருமுறை சூடு பட்டாயிற்று. இப்போது அலர்மேல்மங்கை முதலில் சோதித்துப் பார்க்காமல் வாய் திறப்பதில்லை. அன்றைக்குப் பக்கத்தில் பெரிய மீசை வைத்த ஒருவர் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். அவள் அவர் முதுகைப் பார்த்து, தங்கள் மொழியில், அக்கறையான குரலில் சொன்னாள்:

"அய்யோ, அவர் சட்டையில எவ்வளவு பெரிய தேள்!"

மீசைக்காரர் நிதானமாக இன்னொரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

"சரி" என்றாள் அவள், சௌரிராஜன் பக்கம் நகர்ந்து. "இப்பச் சொல்லுங்க."